ஆலங்காட்டு ரயில்

போன வருடம் ஆவடி ஸ்டேஷனில் என் பள்ளித் தோழி ஒருத்தி என்னைத் தாண்டிப் போனாள். எட்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, தெரியாத ஆளைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி சிரித்தாள். என் பேரைச் சொன்னேன். நெற்றி சுருங்கியது. வேறு வழி தெரியாமல், "நான்தான்டி, விஜயந்தா" என்றேன். உடனே முகம் மலர்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு என் தோளைத் தடவிப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது. "என்னடி ஆச்சு உனக்கு?"

விஜயந்தா ஒரு டேங்க். ஆவடி தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதன்முதலாக வெளிவந்தது. அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குக் குண்டான ஒரு பெண்ணுக்குப் பட்டப்பேர் தேட ரொம்ப தூரம் போகத் தேவையிருக்கவில்லை. பத்து வயதில் அந்தப் பேருக்காக அழுதிருக்கிறேன். முப்பத்தைந்து வயதில், நான் நான்தான் என்று நிரூபிக்க அதைத்தான் அடையாள அட்டையாக நீட்ட வேண்டியிருந்தது.

104 கிலோவிலிருந்து 63-க்கு வர எனக்கு இரண்டே கால் வருடம் ஆனது. எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை, அதற்கு யூடியூப் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்தக் கேள்வியைப் பற்றி. எடை ஏறிக்கொண்டிருந்தபோது "நல்லா சாப்பிடறா" என்றார்கள். இறங்கியதும் "என்ன ஆச்சு" என்கிறார்கள். முதல் வாக்கியத்தில் நான் எழுவாய். இரண்டாவதில் எனக்கு ஏதோ நேர்ந்துவிட்டது. சுகரா, தைராய்டா, யாராவது ஏமாத்திட்டானா, கல்யாணத்துக்கா என்று கேட்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அத்தை ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டையோடு வந்தார். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. அம்மா ராத்திரியில் நான் தூங்கிவிட்டதாக நினைத்து மணிக்கட்டைப் பிடித்து அளந்து பார்ப்பார்.

நம் மொழியில் இளைப்பது நல்ல வேலையாக இருந்ததே இல்லை. "நான் என்ன உனக்கு இளைச்சவளா?" என்று சண்டையில் கேட்கிறோம். சங்கப் பாடல்களில் தோள் மெலிந்து வளை கழன்றால் தலைவன் வரவில்லை என்று அர்த்தம். திருக்குறளின் 124-வது அதிகாரமே உறுப்புநலன் அழிதல்தான்: பிரிவில் கண்ணும் நெற்றியும் தோளும் எப்படி வாடுகின்றன என்று. மெலிந்த தோள் ஊரே படிக்கிற கடிதம். எழுதியவர் எப்போதும் வேறு யாரோ.

சரி, தானே விரும்பி உடம்பைக் குறைத்த பெண் யாருமே இல்லையா? இருக்கிறார். எங்கள் ரயில் பாதையிலேயே இருக்கிறார்.

ஆவடியில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருநின்றவூர், திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் தாண்டித் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் கடைசியாக வந்து சேர்ந்த இடம். ஆறாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர் என்று பொதுவாகச் சொல்வார்கள். கதை தெரிந்ததுதான். புனிதவதி, மாம்பழம், மிரண்டுபோய்க் கப்பலேறிய கணவன் பரமதத்தன். பாண்டிநாட்டில் அவன் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, மகளுக்குப் புனிதவதி என்றே பேர் வைக்கிறான். உறவினர்கள் அம்மையாரைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோனால், அவன் மனைவி மகளோடு அவர் காலில் விழுகிறான். இவனுக்காகத்தானே இந்தத் தசைப் பொதியைச் சுமந்தேன், இனி எதற்கு என்று கழற்றிவிட்டுப் பேய் வடிவம் வாங்கிக்கொள்கிறார். பொதி என்பது சேக்கிழார் போட்ட சொல். 41 கிலோவை இறக்கியவள் என்ற முறையில் சொல்கிறேன், மிகச் சரியான சொல்.

ஆனால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. அம்மையார் தன் பாடல்களில் மாம்பழத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கணவனைப் பற்றியும் இல்லை. வற்றிய முலையும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணுமாகச் சுடுகாட்டில் திரியும் பேயைப் பாடிவிட்டு, தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான். ஏன் இப்படி ஆனேன் என்ற விளக்கமே கிடையாது. பிறகு வந்த சுந்தரர், அடியார் பட்டியலில் அவரைப் 'பேயார்' என்ற ஒரே சொல்லில் குறிப்பிடுகிறார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டு தருகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் வரும்போது அது அறுபதுக்கும் மேற்பட்ட பாடல்களாகிவிட்டது. அதில்தான் கல்யாணம், மாம்பழம், பிரிவு, காலில் விழுதல் எல்லாம் விரிவாக வருகின்றன.

சேக்கிழார் நம்ம ஏரியாக்காரர். பூந்தமல்லியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் குன்றத்தூர்தான் அவர் ஊர். அவரைக் குறை சொல்லவில்லை. அற்புதமான கதைசொல்லி. ஆனால் சதை குறைந்த ஒரு பெண் உடம்பு எதிரே நின்றால் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும், அந்தக் காரணத்தில் ஒரு ஆண் இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கும் இருந்திருக்கிறது. "யாராவது ஏமாத்திட்டானா?" என்று என்னிடம் கேட்ட மூன்றாவது மாடி அக்காவுக்கு இருந்த அதே நெருக்கடி.

அவர் கவனித்த இன்னொன்றை நான் மறக்க மாட்டேன். வடிவம் மாறியதும் சொந்தக்காரர்கள் பயந்து விலகிப் போகிறார்கள். வழியில் பார்க்கிறவர்கள் மிரண்டு ஓடுகிறார்கள். அம்மையார் அசரவில்லை. தெரிய வேண்டியவனுக்கு என்னைத் தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு நான் எந்த உருவில் தெரிந்தால் என்ன என்கிறார். கயிலையில் உமை, எலும்பாக வரும் இது யார் என்று கேட்க, சிவன் அவரை அம்மா என்று அழைக்கிறார். விளக்கம் கேட்காத ஒரே ஆள்.

எங்கள் பக்கத்து மனிதர்கள் பயப்படுவதற்குப் பிற்காலத்தில் வேறு காரணங்களும் சேர்ந்தன. காசநோய்க்குப் பழைய பேர் எலும்புருக்கி நோய். க்ஷயம் என்றாலே தேய்வு. இளைத்தால் பயப்படுவது அன்று முழுக்க அறிவுள்ள செயல். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. அங்கே 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்து கொடுத்தார்கள். சானடோரியக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு. எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தவர்கள் அரைகுறையாகத்தான் சாப்பிட்டார்கள், அவ்வளவாக உடம்பு தேறவில்லை. ஆனால் நோய் குணமானதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-ல் வெளிவந்த இந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு மாற்றியது. சதை போடுவது வேறு, குணமாவது வேறு என்று நம்ம ஊரிலேயே நிரூபித்தாகிவிட்டது. எங்கள் தெருவுக்கு மட்டும் இன்னும் தகவல் வரவில்லை.

வராததற்கும் நியாயம் உண்டு. 1968-லிருந்து 71 வரை திருவள்ளூரையும் சுற்றுக் கிராமங்களையும் வைத்து பி.சி.ஜி. தடுப்பூசிக்கு மிகப்பெரிய சோதனை நடந்தது. ஊசி போட்டவர்கள், வெறும் ஊசி போட்டவர்கள் என இரண்டரை லட்சத்துக்கும் மேல் ஆட்கள். எக்ஸ்ரே எடுக்க வந்தவர்களைப் பாட்டி கடைசிவரை ஞாபகம் வைத்திருந்தார். அந்த ஊசி நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. அது ஓய்வதற்குள் 1986-ல் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். உகாண்டாவில் அந்த நோயை 'ஸ்லிம்' என்றே அழைத்தார்கள். இங்கே புள்ளிராஜா விளம்பரங்கள் சுவரெல்லாம் இருந்த காலத்தில், எங்கள் தெருவில் வேகமாக இளைத்த ஒருவர் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய். அது தெரிவதற்குள் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அப்பா அதைச் சொல்லும்போது, நானும் அங்கே குடிக்கல என்பார்.

இதெல்லாம் தெரிந்த பிறகு, என்ன ஆச்சு என்பவர்கள்மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. கோபம் வேறு இடத்துக்குப் போனது.

முன்பு நான் ரயிலில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பெருமூச்சு விடுவார். இப்போது நகர்ந்து இடம் தருகிறார்கள். துணிக்கடையில் "உங்க சைஸ் இல்லக்கா" என்று வாசலிலேயே சொன்னவர்கள் இப்போது உட்காரச் சொல்கிறார்கள். ஆண்கள் பார்க்கிறார்கள். 104 கிலோவில் எனக்கு ஒரு மறைவு இருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது. இருட்டின பிறகு ஸ்டேஷனிலிருந்து நடந்து வர இப்போதுதான் பயப்படக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏழு வருடம் முன்பு ஜாதகம் பொருந்தியும் போட்டோவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்ற வீட்டார், அந்தப் பையனுக்கு விவாகரத்து ஆனதும் திரும்ப ஆள் அனுப்பினார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப வேண்டாம்னாங்களே, அவளுக்கு யாரு மன்னிப்பு கேக்கறது?" என்றேன். எந்த அவள் என்று அம்மா கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

உடம்பு போன வேகத்துக்கு மனசு வருவதில்லை. 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர்கள், போரில் பட்டினி கிடப்பவர்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காகத் தாங்களே பாதிப் பட்டினி கிடந்தார்கள். எடையில் கால்வாசி போனது. அவர்களுக்குத் தாங்கள் ஒல்லியாகிவிட்டதாகத் தோன்றவில்லையாம், மற்றவர்கள்தான் குண்டாகத் தெரிந்தார்களாம். நான் தலைகீழ். இன்னமும் ரயில் வாசலில் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுகிறேன். பிளாஸ்டிக் நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவாலங்காடு போனேன். இரத்தின சபையில் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடுகிறார் நடராஜர். அம்மையாரைத் தேடிப் பார்த்தேன். இவரது சோழர் காலச் செப்புச் சிலைகள் இப்போது நியூயார்க்கிலும் கான்சஸ் சிட்டியிலும் மியூசியங்களில் இருக்கின்றன. அந்தப் படங்களை போனில் வைத்திருந்தேன். கையில் தாளம், துருத்திய எலும்பு, சரிந்து தொங்கும் முலை. இவ்வளவு எடை குறைந்தால் தோல் எப்படித் தொங்கும் என்று யாரும் சொல்லாமல் விட்டதை அந்தச் சிற்பிகள் துல்லியமாக வார்த்திருக்கிறார்கள். எனக்கு வயிற்றிலும் கையிலும் அப்படித்தான் இருக்கிறது. முகம் மட்டும் சிரிக்கிறது.

திரும்பி வரும் வண்டியில் கூட்டமில்லை. மணவூரில் ஏறிய ஒரு பாட்டி எதிரே உட்கார்ந்து என் கழுத்தெலும்பையே பார்த்துக்கொண்டு வந்தார். கூடையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து நீட்டினார். "சாப்புடு கண்ணு. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல பாட்டி. நானா குறைச்சேன்."

"ஏன்?"

திருவள்ளூர் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தோம். கொய்யா நன்றாகப் பழுத்திருந்தது.