அப்பு என்றொரு பெயர்

அப்பு என்று எவரையேனும் அழைக்காத தமிழ் வீடு ஏது? யாழ்ப்பாணத்தில் தகப்பனும் அப்பு; கொஞ்சும்போது பிள்ளையும் அப்பு. 1982 டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டி, 1989இல் இளையராஜா இசையமைத்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமல்ஹாசன் ஏற்ற குள்ள வேடம், இரண்டுக்கும் அதுவே பெயர். கன்னட நடிகர் புனித் ராஜ்குமாரையும் இரசிகர்கள் அவ்வாறே அழைத்தனர்.

மாத்தளையிலோ இப்பெயருக்கு இரத்தத்தின் நினைவு உண்டு.

1848இல் தேசாதிபதி டொரிங்டனின் ஆட்சி நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதித்தது. ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலையும் செய்யச் சொன்னது. யூலை 28ஆம் திகதி தம்புள்ளையிலிருந்து திரண்டு வந்த கிளர்ச்சியாளர் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகளை அழித்தனர். அவர்களின் முன்னணியில் நின்றவர் மொறட்டுவையில் பிறந்த பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. மக்கள் வழங்கிய பெயர் புரன் அப்பு. ஒகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1850இல் டொரிங்டனும் திருப்பி அழைக்கப்பட்டார்.

ஆங்கிலேயர் காலத்துத் துரைமாரின் பங்களாக்களில் 'அப்பு' என்பது சமையற்காரரையும் வேலையாளையும் கூப்பிடும் சொல். அந்தச் சொல்லைத் தாங்கிய பெயரையே 1978இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தம் திரைப்படத்துக்குச் சூட்டினார்: 'வீர புரன் அப்பு'. ஏவலுக்கு அழைத்த சொல், எதிர்த்து நின்றவனின் பெயராக நிலைத்துவிட்டது.