சுண்ணாம்புக் கம்பத்தில் வேதியியல்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பகுதியை முற்காலத் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என வழங்கினர். கட்டடங்களுக்கு வேண்டிய சுண்ணாம்பு அங்கிருந்த குழிகளில் ஆயத்தமானதே இப்பெயருக்குக் காரணம். கம்போங் என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் கம்பமாயிற்று. அதே பொருள் தரும் கம்போங் காப்போர் என்னும் மலாய்ப் பெயர் இன்றும் அங்கு ஒரு சாலைக்கு வழங்குகிறது. ஒலியைக் கேட்டுக் கற்பூரம் என்று மயங்க வேண்டா. ஈண்டுக் காப்போர் என்பது சுண்ணாம்பே.

இச்சுண்ணாம்பின் பெருமையை உணர விரும்புவோர் புனித அந்திரேயா தேவாலயத்தை நினைக்க வேண்டும். மக்பர்சன் என்னும் பொறியாளர் வகுத்த அமைப்பின்படி, 1856-ஆம் ஆண்டு முதல் அதனை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுக் குழைத்து அவர்கள் பூசினர். உலர்ந்தபின் படிகக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். கைதிகளின் மேலாளராயிருந்த மக்நேயர், 1899-இல் வெளிவந்த தம் நூலில் இம்முறையைக் குறித்துள்ளார். அப்பூச்சுக்குச் சென்னைச் சுண்ணாம்பு என்றே பெயர். பூசிய கைகளுக்கு உரியவர் பெயர்கள் மக்கள் நினைவில் நிற்கவில்லை.

காளவாயில் வெந்த கிளிஞ்சல் எடை குறையும். நீர் தெளித்தால் சுடுநீராய்க் கொதித்துப் பொடியாகும். பூசிய சாந்து நாட்பட நாட்படக் கல்லாய் இறுகும். இம்மூன்றும் தொழிலாளி கண்டறிந்தவை. எடை ஏன் குறைகிறது என்னும் வினாவுக்குத் தராசு கொண்டு விடை தேடியவர் ஸ்காட்லாந்து நாட்டு யோசேப் பிளாக். சுண்ணாம்பின் கார்ப்புக்கு நெருப்பிலிருந்து அதனுட் புகுந்த ஒரு பொருளே காரணம் என்று அக்காலத்தார் எண்ணியிருந்தனர். பிளாக் 1756-இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைத் தலைகீழாக்கியது. நெருப்பினால் ஒன்றும் உள்ளே புகவில்லை. ஒரு வளி வெளியேறுகிறது என்று அவர் நிறுவினார். அவ்வளியே கரியமிலவாயு.

இன்றைய கணக்கில் 100 பங்கு தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 பங்கு கரியமிலவாயு நீங்கி 56 பங்கு சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அந்த 56 பங்கு, 18 பங்கு நீரை ஏற்று 74 பங்கு நீற்றுச் சுண்ணாம்பாகும். சுவரில் அது இறுகும்போது காற்றிலிருந்து 44 பங்கு கரியமிலவாயுவைக் கவர்ந்து, 18 பங்கு நீரை விட்டு, மீண்டும் 100 பங்கு கல்லாகும். பொருண்மை அழியா விதியும் மாறா விகித விதியும் இச்சிறு கணக்கினுள் அடங்கியுள்ளன. கரும்பலகையில் சமன்பாட்டை எழுதுமுன் இக்கணக்கைச் சொல்லுதல் நன்று.

இனித் தனிமம் என்னும் கருத்து. மேலும் பகுக்க இயலாத பொருள் தனிமம் என வரையறுத்த இலவாசியே, 1789-இல் தாம் வெளியிட்ட 33 எளிய பொருள்களின் பட்டியலில் சுண்ணாம்பையும் சேர்த்தார்! அவர் காலத்துக் கருவிகளால் அதனைப் பகுக்க இயலவில்லை. 1808-இல் டேவி மின்சாரத்தைச் செலுத்திக் கால்சியத்தைப் பிரித்தபோது சுண்ணாம்பு அப்பட்டியலில் இடம் இழந்தது. இதனை இலவாசியேயின் பிழை என்பது பொருந்தாது. அவர் தந்த வரையறையே அவர் பட்டியலைத் திருத்திற்று.

தமிழகம் தனிமம், சேர்மம் என்பனவற்றை இலங்கை மூலகம், சேர்வை என்னும். இரண்டும் வழக்கில் நிலைபெற்றவை. ஆயினும் தனித்து நிற்பது தனிமம், சேர்ந்து நிற்பது சேர்மம் என்னும் இணை, இலவாசியேயின் கருத்தைச் சொல்லிலேயே தாங்கி நிற்கிறது. சுண்ணாம்பை நீற்றுதல் என்னும் சொல்லையோ எவரும் ஆக்கவே வேண்டியதில்லை; கொத்தனார் வாயில் அது முன்பே இருந்தது.

தேவாலயம் எழுந்த காலத்தை ஒட்டி யாழ்ப்பாணத்து மானிப்பாயை நிலைக்களனாகக் கொண்டு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழாக்கும் பணியில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் ஈடுபட்டிருந்தார். அவர் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் 1875-இல் வெளிவந்தது. நூற்பெயர் செவிக்கு இனிதன்று என்பாரும் உளர். எனினும் முதலில் வழி வெட்டியவர் அவரே.

சிங்கப்பூரில் 1946-இல் தோன்றிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1960-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாயிருந்த அது 1982-இல் மூடப்பட்டது. இந்நகரத்துப் பிள்ளைகள் இன்று வேதியியலை ஆங்கிலத்திலேயே பயில்கின்றனர். நீற்றுதல் என்னும் சொல் அவர்கள் செவியில் விழுமாயின் அது தமிழ்ப்பாட வேளையிலேதான். உமறுப் புலவர் பெயர் தாங்கிய தமிழ்மொழி நிலையம் பீட்டி சாலையில் இயங்குகிறது. அங்கிருந்து கம்போங் காப்போர் சாலைக்குப் பிள்ளைகளை நடத்தியே அழைத்துச் செல்லலாம்.