அறுவை வணிகன் கொடுத்த இடம்

அழகர்மலையில், கிடாரிப்பட்டிப் பக்கம், பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஊரார் சொல்லும் குகைத்தளம் இருக்கிறது. அதன் பாறை முகப்பில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. மதுரைப் பொற்கொல்லன், உப்பு வணிகன், ஏர்க்கொழு விற்றவன், பாணிதம் எனப்பட்ட வெல்லப்பாகு விற்றவன். இவர்கள் வரிசையில் வெண்பள்ளியைச் சேர்ந்த அறுவை வணிகன் ஒருவனும் வருகிறான். அதாவது துணி வியாபாரி. மதுரை விளக்குத்தூண் பக்கம் தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருப்பவன் நான். அந்தப் பட்டியலைப் படித்த நாளிலிருந்து அவனை என் தொழிலின் மூத்தவனாகவே நினைக்கிறேன்.

இத்தனை வியாபாரிகள் சேர்ந்து சந்தை கட்டவில்லை, கிட்டங்கி கட்டவில்லை. ஊர் ஊராக நடக்கும் சமணத் துறவிகள் மழைக்காலத்தில் நடையை நிறுத்தித் தங்க இடம் செய்து கொடுத்தார்கள். இந்தக் குகைகள் அதற்கும் பயன்பட்டன என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

மற்ற மாதங்களில் துறவிக்குத் தங்கும் உரிமை மிகக் குறைவு. மகாவீரர் கிராமத்தில் ஓர் இரவு, நகரத்தில் ஐந்து இரவு என்று நடந்ததாகக் கல்பசூத்திரம் சொல்கிறது. மழை வந்தால் விதி தலைகீழாகும். ஆடியை ஒட்டித் தொடங்கிக் கார்த்திகை வாக்கில் முடியும் சாதுர்மாசம் முழுக்க ஒரே இடம். முளைத்த புல்லும் மண்ணிலிருந்து கிளம்பும் சிற்றுயிர்களும் காலடியில் மிதிபடக் கூடாது என்பது காரணம். பௌத்தர்களுக்கு இது மூன்று மாதம். மழையில் பறவைகள்கூடக் கூட்டில் அடங்குகின்றன, புத்தரின் சீடர்கள் மட்டும் பயிரை மிதித்துக்கொண்டு அலைகிறார்களே என்று மக்கள் குறைப்பட்ட பிறகுதான் அந்த விதி வந்தது என்கிறது பாலி விநயம். குறை சொன்னவர்கள் சாதாரண சனங்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மகாவீரரின் துறவு வாழ்வைக் கல்பசூத்திரம் நாற்பத்திரண்டு மழைக்காலங்களாக, எந்த மழையை எங்கே கழித்தார் என்று ஊர் சொல்லித்தான் கணக்கிடுகிறது. அதில் பன்னிரண்டு, வைசாலியிலும் வணிகர் ஊரான வாணிஜ்யகிராமத்திலும். பிக்குகளின் மூப்பும் கழித்த மழைக்காலங்களின் எண்ணிக்கைதான். நடந்த தூரம் அங்கே கணக்கில் இல்லை. நின்ற காலமே வயது.

மழைக்காலத்தில் ஒரே இடத்தில் தங்கும் விதி கங்கைச் சமவெளியின் மழைக்கு ஏற்பட்டது. மதுரையில் ஆடிக்காற்றுதான் அடிக்கும், பெருமழை ஐப்பசியில். ஆனாலும் இங்கே கல்லில் செய்த ஏற்பாட்டைப் பாருங்கள். பாறையின் நெற்றியில் புருவம் போல நீளமாகக் காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. உள்ளே படுக்கைகளைச் செதுக்கித் தேய்த்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தியிருப்பார்கள். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் இப்படிப் பதினேழு படுக்கைகள். ஓய்வு தானாக வாய்க்கும் என்று அவர்கள் நம்பியிருக்கவில்லை. நாள் குறித்து, இடம் பார்த்து, கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து உண்டாக்கினார்கள்.

கொடுத்தவர்கள் யார் என்பது மதுரைப் பக்கத்து மாங்குளம் குன்றின் கல்வெட்டுகளில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டவை அவை. அந்த எழுத்தில் இருப்பது தமிழ்தான் என்று 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. கணிநந்தி என்ற துறவிக்காக நெடுஞ்செழியனின் அலுவலன் கடலன் வழுதி செய்த கொடை ஒன்று. வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகர் குழுவினர், செய்த கொடை இன்னொன்று. அரசனின் ஆளும் சந்தைக்காரனும் ஒரே குன்றில். மதுரையைச் சுற்றியுள்ள இந்தக் குன்றுகள் பலவும் பழைய பெருவழிகளை ஒட்டியே இருக்கின்றன. வண்டிகள் போகும் பாதைக்குப் பக்கத்திலேயே நின்றவர்கள் இருந்தார்கள். வாழ்க்கையை நிதானமாக்க மலையுச்சிக்கு ஓட வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாங்குளம் குன்று இருக்கும் மீனாட்சிபுரமும் அதை அடுத்த அரிட்டாபட்டியும் 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. பிறகு அந்த வட்டாரத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பகுதியே திரண்டு போராடியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அன்று கடையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன்.

துறவி நிற்கலாம், குடும்பஸ்தன் எப்படி நிற்பான் என்று கேட்கலாம். அதற்கும் சமணத்தில் விடை உண்டு. இல்லறத்தாருக்கான விரதங்களைச் சொல்லும் அருங்கலச்செப்பு என்ற தமிழ் நூல் இருக்கிறது. அந்த விரதங்களில் ஒன்று திசைவிரதம். இந்த ஆறு, இந்த மலை தாண்டிப் போக மாட்டேன் என்று தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்வது. சாமாயிகம் இன்னொன்று. ஒரு முகூர்த்தம், நம் கணக்கில் இரண்டு நாழிகை, எல்லாம் விட்டு அமர்வது. வாங்கி விற்பவனின் கால்களை நன்றாகத் தெரிந்த யாரோ யோசித்த விரதங்கள் இவை.

எனக்குச் சரக்கு தரும் ராஜஸ்தான் ஜைனர் ஒருவர் மதுரையிலேயே மொத்த வியாபாரம் செய்கிறார். ஆடித் தள்ளுபடியிலிருந்து தீபாவளி வரை, துணிக்கடைக்காரர்கள் எல்லோரும் ஓடும் அதே மாதங்களில், அவர் வெளியூர் போவதில்லை. பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிடுவார். அவர் வியாபாரம் படுத்துவிடவில்லை. வாங்க வேண்டியதை ஆனிக்குள் வாங்கிவிடுகிறார், அவ்வளவுதான்.

இந்த முறை நானும் கணக்கரிடம் சொல்லிவிட்டேன். சூரத், ஈரோடு கொள்முதல் எல்லாம் ஆனி முடிவதற்குள். ஆடி பிறந்தபின் சரக்குக்காக நான் வைகைக்கு வடக்கே போவதில்லை. குறைகிற சரக்கு குறையட்டும், இருப்பதை விற்போம்.