மும்பைப் பதாகையும் ஒன்டாரியோ சதுப்பு நிலமும்: பில்டரை எதிர்த்துப் பேசியவர்களுக்கு இரு நாட்டுச் சட்டங்கள் தந்த காப்பு

கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட் பார்க்க வருகிறவர்கள் பத்திரத்தைக் கையில் வாங்கும் முன்பே அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார்கள். பில்டர் எப்படி, சொன்ன தேதிக்குச் சாவி கொடுத்தாரா, போர் தண்ணீர் குடிக்க முடியுமா, மழைக்குத் தெருவில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும், யூ.டி.எஸ். எனப்படும் நிலத்தின் பிரிக்கப்படாத பங்கைச் சரியாக எழுதிக் கொடுக்கிறாரா என்று கேட்கிறார்கள். கள்ளிக்குப்பம் அடங்கிய அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தனி வீடுகள் நின்ற மனைகளில் ஆறு ஃபிளாட், எட்டு ஃபிளாட் என்று அடுக்ககங்கள் எழும் பகுதி இது. பக்கத்திலேயே கொரட்டூர் ஏரி இருப்பதால் மழைநீர் பற்றிய கேள்விக்கு இங்கே தனி எடை உண்டு.

இந்த விசாரிப்புக்கு ஒருவர் உண்மையான பதில் சொன்னால், அதை எழுதினால், வாசலில் பதாகையாகக் கட்டினால் அவருக்கு என்ன நேரலாம்? பில்டரின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வரலாம், நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கு வரலாம், குற்றவியல் அவதூறு வழக்கும் வரலாம். இந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று மும்பையில் தொடங்கி 2025இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மற்றொன்று கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் தொடங்கி 2020இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இரண்டிலும் வழக்குத் தொடுத்தது கட்டுமான நிறுவனம், இரண்டிலும் வென்றவர்கள் குடியிருப்போர். ஆனால் வெற்றி அவர்கள் கைக்கு வந்து சேர்ந்த விதம் வேறு வேறு.

பேச்சு ஏன் தேவை

2014 ஜூன் 28 அன்று போரூருக்கு அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் தரம் உயிர் சம்பந்தப்பட்டது என்பதை சென்னையின் மேற்குப் புறநகர் அன்று கண்ணால் பார்த்தது. அதன் பின் 2016இல் ரெரா எனப்படும் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது, மறு ஆண்டு தமிழ்நாட்டில் அதற்கான விதிகளும் வந்தன. விளம்பரத்தில் பொய் சொன்னால் இழப்பீடு, காலத்தில் ஒப்படைக்காவிட்டால் வட்டியுடன் பணம் திரும்பப் பெறும் உரிமை, சாவி கொடுத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் பில்டரே சரிசெய்து தர வேண்டிய கடமை ஆகியவை அந்தச் சட்டத்தின் பலன்கள்.

ஆனால் நிலத்தின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகளின் எண்ணிக்கை எட்டைத் தாண்டாவிட்டாலோ திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று அதே சட்டம் விலக்கு தருகிறது. நம் கணக்கில் 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு. கள்ளிக்குப்பத்தின் உள்தெருக்களில் எழும் சிறு அடுக்ககங்களில் பல இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ரெரா இணையதளத்தில் தேடினாலும் அவற்றின் விவரம் கிடைக்காது. அங்கே வாங்குகிறவருக்குக் காப்பாக மிஞ்சுவது முன்னால் வாங்கியவரின் வாய்ச்சொல். பதிவு இல்லாத இடத்தில்தான் பேச்சு மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. பேசுகிறவர் வாயை அடைத்தால் அந்த இழப்பு அடுத்து வாங்க வருகிற குடும்பத்தின் தலையில் விழுகிறது.

மும்பை: ஒரு பதாகை, பத்து ஆண்டு

மும்பையில் ஏ. சுர்ட்டி டெவலப்பர்ஸ் என்ற நிறுவனத்திடம் வீடு வாங்கியவர்கள் 2015இல் தங்கள் குறைகளைப் பட்டியலிட்டு ஒரு பதாகை வைத்தார்கள். குடியிருப்போர் சங்கம் அமைத்துத் தரவில்லை, குறைகளைக் காதில் வாங்குவதில்லை, தண்ணீரும் லிஃப்டும் தொல்லை, வரும் பாதை மோசம் என்ற வகையில் அதில் எழுதப்பட்டிருந்தது. நிறுவனம் குற்றவியல் அவதூறு புகார் கொடுத்தது. 2016இல் மாஜிஸ்திரேட் அழைப்பாணை அனுப்பினார். அதை ரத்து செய்யக் கேட்டவர்களுக்கு மும்பை உயர் நீதிமன்றத்தில் பலன் கிடைக்கவில்லை.

2025 ஏப்ரல் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே.வி. விஸ்வநாதன், என். கோட்டீஸ்வர் சிங் ஆகியோர் வழக்கை ரத்து செய்தார்கள். பதாகையின் மொழியை அவர்கள் சொல் சொல்லாக ஆராய்ந்தார்கள். அதில் வசைச்சொல் இல்லை, மோசடி, ஏமாற்று, கையாடல் போன்ற சொற்களும் இல்லை. தங்கள் குறை என்று நினைத்ததை மென்மையான மொழியில் சொல்லியிருந்தார்கள். பில்டருக்குத் தன் சரக்கை விளம்பரம் செய்ய உரிமை இருப்பதுபோல, வாங்கியவருக்கு அமைதியாக எதிர்ப்பைச் சொல்லவும் உரிமை உண்டு என்றது தீர்ப்பு. தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொல்லும் சொல்லுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு தந்திருந்த ஒன்பதாவது விதிவிலக்கு அவர்களைக் காத்தது.

தீர்ப்பு அருமையானது. அது வந்து சேரப் பத்து ஆண்டு ஆயிற்று.

ஒன்டாரியோ: ஒரு சாட்சியம், அறுபது லட்சம் டாலர்

ஒன்டாரியோவின் சூ செயின்ட் மேரி நகரில் ஒரு நிறுவனம் 91 மனைகள் கொண்ட குடியிருப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கிருந்த சதுப்பு நிலம் கெட்டுவிடும் என்று பாயின்ட்ஸ் பாதுகாப்புச் சங்கம் என்னும் குடியிருப்போர் அமைப்பு எதிர்த்தது. இடையில் ஒரு வழக்கில் இரு தரப்பும் சமாதானமாகப் போய், திட்டத்துக்கு இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையம் தந்த அனுமதி சட்டவிரோதம் என்று வாதிடமாட்டோம் எனச் சங்கம் எழுதிக் கொடுத்தது. பிறகு மாநில நகராட்சி வாரியத்தின் விசாரணையில் சங்கத் தலைவர் சதுப்பு நிலத்துக்கு நேரும் சேதத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார். திட்டம் நிராகரிக்கப்பட்டது. ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று சங்கத்தின் மீதும் அதன் நிர்வாகிகள் மீதும் நிறுவனம் 60 லட்சம் கனடிய டாலர் கேட்டு வழக்குப் போட்டது.

ஒன்டாரியோ 2015இல் பொதுப் பங்கேற்பைக் காக்கும் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. பொதுநலன் சார்ந்த பேச்சுக்காக ஒருவர் மீது வழக்கு வந்தால், அதைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கேட்டு அவர் மனுப்போடலாம். அந்த மனு 60 நாளுக்குள் விசாரணைக்கு வர வேண்டும். அது முடியும்வரை மூல வழக்கில் எதுவும் நகராது. தன் வழக்கில் சாரம் இருக்கிறது, எதிராளியிடம் செல்லத்தக்க தற்காப்பு இல்லை என்று காட்டும் சுமை வழக்குப் போட்டவர் மேல் விழுகிறது. அதைக் காட்டினாலும் போதாது. தனக்கு நேர்ந்த தீங்கு, அந்தப் பேச்சைக் காப்பதில் உள்ள பொதுநலனைவிடப் பெரியது என்றும் அவர் நிறுவ வேண்டும். 2020 செப்டம்பர் 10 அன்று கனடா உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின்படி நிறுவனத்தின் வழக்கை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது.

நேருக்கு நேர்

முதல் வேறுபாடு வழக்கின் தன்மை. ஒன்டாரியோவில் சங்கத்தார் எதிர்கொண்டது பண வழக்கு. மும்பையில் வீடு வாங்கியவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்களாக நின்றார்கள். கனடாவின் குற்றவியல் சட்டத்திலும் அவதூறு உண்டு. ஆனால் பில்டர் கையில் அன்றாடம் கிடைக்கும் ஆயுதமாக அது இல்லை. நம் நாட்டில் 2016 மே 13 அன்று சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் குற்றவியல் அவதூறு செல்லும் என்று உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமுதாய சேவை என்பது தண்டனை. தண்டனைக்கு முன்னமே தொல்லை தொடங்கிவிடும். ஜாமீன், வாய்தா, வழக்கறிஞர் கட்டணம், வேலைக்கு லீவு என்று நாள்கள் கரையும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் எடுக்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும். மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது வேறுபாடு, பொதுநலன் பற்றிய கேள்வி எப்போது எழுகிறது என்பது. 'இந்தப் பேச்சு நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டதா' என்பதை இந்தியாவில் பெரும்பாலும் விசாரணையின் முடிவில்தான் பார்ப்பார்கள். விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. விவரம் தெளிவாக இருந்தால் அழைப்பாணைக் கட்டத்திலேயே விதிவிலக்கைப் பார்க்கலாம் என்று மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியது பெரிய முன்னேற்றம். ஆனாலும் அதைச் செய்வதும் விடுவதும் அந்தந்த மாஜிஸ்திரேட்டின் கையில் இருக்கிறது. ஒன்டாரியோவில் அந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டாக வேண்டும் என்று சட்டமே எழுதிவிட்டது.

மூன்றாவது, செலவு. ஒன்டாரியோவில் மனு வெற்றிபெற்றால் பேசியவர் செலவழித்த முழுத்தொகையையும் வழக்குப் போட்டவர் தர வேண்டும் என்பதே பொது விதி. மிரட்டலுக்காக வழக்குப் போட நினைக்கும் நிறுவனம் முதலிலேயே கணக்குப் பார்க்கும். இந்தியாவில் பத்து ஆண்டு அலைந்து விடுதலையானவரின் செலவு பெரும்பாலும் அவருடையதாகவே போகிறது.

ஒன்டாரியோவை மெச்சும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பாயின்ட்ஸ் வழக்கில் முதல் நீதிபதி 2016இல் சங்கத்தின் மனுவை ஏற்கவில்லை. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2020இல்தான் முடிவு வந்தது. விரைவு வழியும் முதல் சோதனையில் ஆண்டுகளை விழுங்கியது. ஆனால் அந்த ஒரு சோதனை பின்வந்த வழக்குகளுக்கெல்லாம் அளவுகோலைத் தந்துவிட்டது. பாயின்ட்ஸ் தீர்ப்பு வந்த அதே நாளில் இன்னொரு வழக்கில் அந்த நீதிமன்றம் அவதூறு வழக்கு தொடரலாம் என்றும் சொன்னது. ஆகவே அச்சட்டம் யாரையும் எப்படியும் ஏசலாம் என்று அனுமதிச்சீட்டு தரவில்லை. நேர்மையான பில்டரின் பெயருக்கும் அதில் காப்பு இருக்கிறது.

இந்தியச் சட்டத்திலும் நல்ல பகுதிகள் இருக்கின்றன. 1994இல் நக்கீரன் இதழின் ஆட்டோ சங்கர் வழக்கில், அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்காக நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் வகுத்தது. மாநகராட்சியின் மழைநீர் வடிகாலைக் குறைசொல்கிறவருக்கு அது காப்பு. தனியார் பில்டரைக் குறைசொல்கிறவருக்கு அது உதவாது. 2024 மார்ச் 22 அன்று ப்ளூம்பெர்க் வழக்கில், முழு விசாரணைக்கு முன்பே எழுத்துக்குத் தடை விதிப்பது மிக அரிதாகவே நடக்க வேண்டும் என்றும், பண பலம் உள்ளவர்கள் நீண்ட வழக்குகளால் பொதுப் பேச்சை முடக்கும் ஆபத்தை மனத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. இவை தீர்ப்புகளாக ஆங்காங்கே கிடக்கின்றன. ஒரே இடத்தில், ஒரே சட்டமாக இல்லை.

கள்ளிக்குப்பத்துக்கு இதில் என்ன பாடம்

சட்டம் மாறும்வரை பேசுகிறவர்கள் மும்பைப் பதாகையின் மொழியை முன்மாதிரியாகக் கொள்ளலாம். நடந்ததை எழுதுங்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள். 'ஒப்பந்தப்படி மார்ச்சில் தர வேண்டிய சாவி நவம்பரில் வந்தது' என்பது ஆவணத்தால் நிரூபிக்கக்கூடிய செய்தி. 'இவர் மோசடிக்காரர்' என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டிய முடிவு. சிவில் வழக்கில் உண்மை ஒன்றே தற்காப்பாகப் போதும். குற்றவியல் வழக்கிலோ உண்மையோடு பொதுநலனும் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே அந்தச் செய்தி பிறருக்கு ஏன் தேவை என்பதையும் சேர்த்து எழுதுவது நல்லது. ரசீது, ஒப்பந்தம், தேதியோடு கூடிய படங்கள், அனுப்பிய கடிதங்களின் நகல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

புகாரை முதலில் உரிய அமைப்பிடம் கொடுப்பது இன்னொரு காப்பு. ரெரா ஆணையத்திடமோ, திட்டம் சிறியதாக இருந்தால் நுகர்வோர் ஆணையத்திடமோ நல்லெண்ணத்தோடு தரும் புகாருக்குத் தனி விதிவிலக்கே இருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் பதற வேண்டாம். அவதூறு, போலீஸ் தானாக வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடிய குற்றம் அன்று. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட்டிடம்தான் புகார் கொடுக்க வேண்டும், அதுவும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு ஓராண்டு, குற்றவியல் புகாருக்கு மூன்றாண்டு என்று காலவரம்பும் உண்டு. வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு மன்னிப்பு எழுதித் தராமல், ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பதில் கொடுங்கள். தனி ஆளாக நிற்பதைவிடக் குடியிருப்போர் சங்கமாக நிற்பது நல்லது.

ஆனாலும் இவையெல்லாம் குடிமக்கள் தாங்களே செய்துகொள்ளும் தற்காப்பு. வீட்டுக்கடனின் மாதத்தவணை கட்டிக்கொண்டே பத்து ஆண்டு நீதிமன்றம் ஏறும் தெம்பு எல்லாக் குடும்பத்துக்கும் கிடையாது. ஒன்டாரியோ 2015இல் செய்ததைப் போன்ற ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் தன் நாடுகளுக்கான நெறிமுறையாக்கியது. இந்தியாவில் இன்றுவரை அப்படி ஒரு சட்டம் இல்லை. நாடாளுமன்றம் இரண்டு காரியம் செய்ய வேண்டும்: பொதுநலப் பேச்சின் மீதான வழக்குகளைத் தொடக்கத்திலேயே சல்லடை போடும் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டும், வாங்கியவர் தன் குறையைச் சொன்னதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படும் நிலையை அவதூறுச் சட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். மும்பையில் நியாயம் கிடைத்தது, பத்து ஆண்டு கழித்து. கள்ளிக்குப்பத்தில் வீடு வாங்கியவருக்கு அது முதல் வாய்தாவிலேயே கிடைக்க வேண்டும்.