இரும்பு வளையங்களால் நெய்த சட்டை



இரும்பை மென்மையாக்கும் ஆற்றலும், வளையங்களை அளவோடு இணைத்துக் கவசம் செய்யும் கலையும் நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அருளப்பட்டதை அல்குர்ஆனின் அன்பியா, ஸபஃ அத்தியாயங்கள் எடுத்துரைக்கின்றன. அந்த அளவிலேதான் இத்தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியுள்ளது. இரும்புக் கம்பியைத் தண்டொன்றில் சுற்றி, வெட்டி வளையங்களாக்குவர். ஒவ்வொரு வளையத்தையும் அயலிலுள்ள நான்கு வளையங்களுடன் கோத்து, அதன் இரு நுனிகளையும் தட்டையாக்கித் துளையிட்டுச் சிற்றாணி அடிப்பர். வளையம் பெரிதானால் அம்பு நுழையும். தடித்தால் பாரம் கூடும். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள் தேவை. அதன் நிறையோ ஏறத்தாழ 10 கிலோகிராம்.

ரோமரும் பாரசீகரும் அரபியரும் இதனை அணிந்தனர். திரைப்படங்களில் ஒரே வெட்டில் கவசம் பிளப்பதை எமது வாலிபர்கள் கண்டிருப்பர். உண்மையில் வாளின் வெட்டை அது நன்றாகவே தாங்கும். 1191ஆம் ஆண்டு அர்ஸூஃப் போருக்கு முன்னர், சிலுவைப் படையின் காலாட்கள் முதுகில் அம்புகள் தைத்து நிற்க, அணி குலையாது நடந்து சென்றதை ஸலாஹுத்தீன் ஐயூபியுடன் இருந்த பஹாஉத்தீன் இப்னு ஷத்தாத் வியப்புடன் பதிவு செய்துள்ளார். கவசத்துடன் அவர்கள் தடித்த கம்பளியும் அணிந்திருந்தனர். எனினும் பலத்த அடியின் அதிர்ச்சியை வளையங்கள் தடுப்பதில்லை. உஹத் களத்தில் (கி.பி. 625) தலைக்கவசத்தின் இரு வளையங்கள் நபி (ஸல்) அவர்களின் கன்னத்திலேயே புதைந்தன. அபூ உபைதா (ரழி) அவர்கள் அவற்றைப் பற்களால் கடித்து இழுத்தெடுத்துத் தமது முன்பற்கள் இரண்டை இழந்தார்கள்.

இத்தகைய சட்டை பெரும் செல்வமாகவும் இருந்தது. ஹுனைன் போரில் (கி.பி. 630) தமக்குக் கிடைத்த கவசத்தை விற்று அபூ கதாதா (ரழி) அவர்கள் ஒரு தோட்டமே வாங்கினார்கள். அலீ (ரழி) அவர்கள் ஃபாத்திமா (ரழி) அவர்களுக்கு மஹராகக் கொடுத்ததும் ஒரு கவசமே. பெண் வீட்டாரிடம் கேட்டுப் பெறும் இக்காலத்துப் பெற்றோர் இதனைச் சற்றே சிந்திக்கலாம்.

ஹுனைனுக்குப் புறப்படுமுன் நபி (ஸல்) அவர்கள், அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸஃப்வான் இப்னு உமையாவிடம் கவசங்களைக் கேட்டார்கள். பறிக்கின்றீரா என்று அவர் வினவினார். மக்கா அப்போதுதான் வெற்றிகொள்ளப்பட்டிருந்தது. எடுத்துக்கொண்டால் தடுப்பார் எவருமில்லை. ஆயினும், திருப்பித் தரும் பொறுப்புடன் இரவலாகவே கேட்பதாக நபியவர்கள் பதிலளித்தார்கள். போரின் பின் சில கவசங்கள் காணாமற்போகவே, நட்டஈடு தரவும் முன்வந்தார்கள். ஸஃப்வான் அதனை ஏற்கவில்லை. அன்று தமது உள்ளத்தில் இல்லாதது இன்று இருக்கின்றது என்றார்.

கி.பி. 632இல் நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது, அவர்களது இரும்புக் கவசம் மதீனாவில் யூதர் ஒருவரிடம் அடகிலிருந்தது. வீட்டாரின் உணவுக்காக வாங்கிய 30 ஸாஉ வாற்கோதுமைக்கு ஈடாக அது வைக்கப்பட்டிருந்தது.