சஹாரா தூசி அமேசான் காடு வரை போகுதா? கடல் தாண்டும் தூசியை கண்டுபிடிப்பது எப்படி?

2020 ஜூன் மாதம் கரீபியன் தீவுகளில் நீல வானமே காணாமல் போனது. பார்படாஸ் முதல் போர்ட்டோ ரிக்கோ வரை ஒரே தூசி மூட்டம். காரணம், அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சஹாரா பாலைவனம். அந்தத் தூசிப் படலத்துக்கு 'காட்ஸில்லா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கோடையில் பாலைவனத்தில் சூடாகும் காற்று 5 கி.மீ. உயரம் வரைகூட எழும்பும், தூசியையும் தூக்கிக்கொண்டு. பெரிய மணல் துகள்கள் சீக்கிரமே விழுந்துவிடும். மாவு போன்ற நுண்துகள்கள் மட்டும் மேற்கு நோக்கி வீசும் காற்றில் ஏறி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கரீபியன் வந்து சேரும். நுரையீரலுக்குள் போவதும் இந்த நுண்துகள்தான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதனால்தான் சிக்கல்.

சஹாராவில் இருந்துதான் வந்தது என எப்படி சொல்கிறார்கள்?

ஜோசப் ப்ராஸ்பெரோ என்ற அமெரிக்க விஞ்ஞானி 1965ல் பார்படாஸில் இந்த அளவீட்டைத் தொடங்கினார். தீவின் கிழக்குக் கரையில் ஒரு கோபுரம், அதில் காற்றை இழுக்கும் வடிகட்டித் தாள். எதிரே ஆப்பிரிக்கா வரை வெறும் கடல். அப்புறம் தாளில் செம்பழுப்பு தூசி படிந்தால் வேறு எங்கிருந்து வந்திருக்கும்? ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் 1970, 80களில் கடும் வறட்சி வந்தபோது இங்கே தூசி எகிறியதும் பதிவானது.

சாதாரண செயற்கைக்கோள் படத்தில் தூசி பரவுவது தெரியும், எந்த உயரத்தில் போகிறது என்பது தெரியாது. அதற்குத்தான் 2006ல் நாசாவும் பிரான்ஸும் சேர்ந்து 'கலிப்சோ'வை அனுப்பின. அது லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சும். திரும்பி வரும் நேரத்தை வைத்து உயரம் தெரியும். தூசித் துகள் கோணல்மாணலாக இருப்பதால் ஒளியின் அதிர்வுத் திசை மாறிவிடும். உருண்டையான புகைத் துகளில் அந்த மாற்றம் மிகக் குறைவு. எது தூசி, எது புகை என இப்படிப் பிரிக்கலாம்.

அமேசானுக்கு என்ன லாபம்?

2007 முதல் 2013 வரையிலான கலிப்சோ தரவுப்படி, ஆண்டுக்கு சராசரியாக 2.77 கோடி டன் தூசி அமேசான் படுகையில் விழுகிறது. அதில் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ். மழையிலும் வெள்ளத்திலும் அந்த மண் இழக்கும் அளவுக்கு கிட்டத்தட்ட சமமான இலவச உரம்! ஆனால் ஆப்பிரிக்காவில் காடும் புல்வெளியும் எரியும் புகையும் கணிசமான பாஸ்பரஸைக் கொண்டு வருகிறது என 2019ல் வெளியான ஆய்வு சொன்னது. தூசியையும் புகையையும் பிரித்துப் பார்ப்பது அதனால் இன்னும் முக்கியமானது.

கலிப்சோ 2023ல் ஓய்வு பெற்றது. 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் ஏவிய 'எர்த்கேர்' இப்போது லேசருடன் சுற்றி வருகிறது.