கோடை விடுமுறையும் கூத்துக் களரியும்



முழுப் பரீட்சை முடிந்தால் போதும், உங்களில் பலர் போன் போட்டுக் கேட்பீர்கள். "டீச்சர், லீவுக்குப் பிள்ளையை எந்த வகுப்பில் சேர்க்கலாம்?" ஓவியமா, பாட்டா, பரதமா என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். கோடைக்காலக் கலைப் பயிற்சி என்பது ஏதோ நகரத்தில் புதிதாக வந்தது போலப் பேசுகிறோம். நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் அது மிகப் பழையது. அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதத் தோன்றியது. கூடவே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்து மேட்டாங்காடுகள் பெரும்பாலும் மழையை நம்பியவை. தை, மாசிக்குள் வெள்ளாமை வீடு வந்துவிடும். அதன் பிறகு ஆடிப் பட்டம் வரை காட்டில் வேலை குறைவு. கையில் நாலு காசு இருக்கும். வெட்டவெளியில் விடிய விடிய உட்காரலாம். அதனால்தான் மாரியம்மன், திரௌபதியம்மன் நோம்பிகள் பங்குனி, சித்திரை, வைகாசியில் வருகின்றன. வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்து, அதில் கூத்துக்காரர்களுக்குப் பணம் பேசுவார்கள். கோயில் முன்னால் இருக்கும் திடல்தான் ஊருக்குக் கலையரங்கம். அனுமதிச் சீட்டு கிடையாது. சாக்கோ பாயோ கொண்டுபோனால் போதும்.

திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் வில்லிபாரதச் சொற்பொழிவு நடக்கும். அதே கதை இரவில் கூத்தாக வரும். காலையில் காதால் கேட்டதை ராத்திரி கண்ணால் பார்ப்பது! பாடம் நடத்துவதில் இதைவிட நல்ல முறையை எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில்கூடச் சொல்லித் தரவில்லை. எழுத்தறியாத எங்கள் அம்மிச்சிக்குப் பாரதக் கதை முழுவதும் அத்துப்படி என்றால், அவர் படித்த பள்ளிக்கூடம் அந்தத் திடல்தான். அர்ச்சுனன் தபசு அன்று உயரமான மரத்தில் ஏறிப் பாடுவதும், படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் உருவம் தரையில் நீளமாகக் கிடப்பதும், ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. மழை பொய்த்தால் விராட பருவம் ஆடச் சொல்வதும் உண்டு. கூத்து அவர்களுக்கு வேடிக்கை மட்டுமல்ல, வேண்டுதலும்கூட.

கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று மாதம்தான் பயிற்சி முகாம். முதலில் திரை பிடிப்பார்கள். அப்புறம் தாளம் போடுவார்கள், பின்பாட்டுப் பாடுவார்கள். சின்ன வேஷம் கட்டுவார்கள். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் கேட்டுக் கேட்டே காதில் ஏறும். முகத்துக்கு அரிதாரம் பூசுவதையும், கிரீடமும் புஜக்கட்டையும் கட்டுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்வார்கள். அவர்களுக்குப் புத்தகமும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது.

இப்போது என் தவறு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்படியொரு வீட்டுப் பையன் என் வகுப்பில் இருந்தான். நோம்பிக் காலத்தில் முதல் மணியிலேயே தூங்கிவிடுவான். பலமுறை எழுந்து நிற்க வைத்தேன். "கூத்தாடப் போகிறவனுக்குப் படிப்பு எதற்கு?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். கோடை விடுமுறைக்குப் போனவன் ஜூனில் திரும்பவில்லை. நூற்றுக்கணக்கான வரிகளை மனப்பாடமாகப் பாடத் தெரிந்த பிள்ளையை, மனப்பாடச் செய்யுள் எழுதவில்லை என்று மக்கு ஆக்கியிருக்கிறேன். இது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது.

உறைக்க வைத்தது அறிவொளி. 1990இல் பாரத ஞான விஞ்ஞான ஜாதா நாடு முழுக்கக் கலைப்பயணமாகக் கிளம்பியது. அதன் பின்னே அறிவொளி இயக்கம் மாவட்டம் மாவட்டமாக வந்தது. எழுத்தறிவின் அவசியத்தைச் சொல்ல மேடைப் பேச்சு எடுபடவில்லை. பாட்டும் வீதி நாடகமும்தான் கூட்டம் சேர்த்தன. படித்த நாங்கள், படிக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவர்களுடைய கலையிடம்தான் போக வேண்டியிருந்தது.

ஆனால் அதற்குள் காலம் மாறியிருந்தது. சேலத்திலேயே 1935இல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். சினிமாவும் டூரிங் டாக்கீஸும், பின்னால் தொலைக்காட்சியும் வந்து, கூத்துத் திடலின் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோயின. இன்னொரு பக்கம் 1956இல் நேருவின் முயற்சியால் தில்லியில் பால பவன் உருவானது. அந்த வழியில் வந்தவைதான் நம் ஜவகர் சிறுவர் மன்றங்கள். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துகிறது. 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் குறைந்த கட்டணத்தில் கற்றுத் தருகிறார்கள். கோடையில் தனி முகாமும் உண்டு. தனியார் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வாசல். நீங்கள் கேட்கும் கேள்விக்கு என் முதல் பதில் அதுதான்.

இருந்தாலும் என் பையன் கேட்காமல் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. படிப்பா, கூத்தா? இரண்டில் ஒன்றை ஏன் விட வேண்டும்? இதற்குக் காஞ்சிபுரத்தில் ஒரு பதில் கிடைத்தது. பெ. ராஜகோபால் பத்து வயதில் பள்ளியை விட்டுவிட்டுக் கூத்துக்கு வந்தவர். 1990இல் கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தில் அவரும் அவர் மனைவி ஹன்னா டி புருயினும் முன்னின்றார்கள். 2002இல் குருகுலம் தொடங்கி, பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்றுக்கொடுத்தார்கள். ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். அந்தக் குருகுலம் 2020 வரை நடந்தது. நம் பக்கத்தில் மேட்டூர் வட்டம் ஏர்வாடியில் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் 'மணல்வீடு' இதழும் 'களரி' அமைப்புமாக, விடிய விடியக் கூத்து நடத்தி, மூத்த கலைஞர்களுக்குச் சிறப்புச் செய்து வருகிறார்.

முகாம் வேறு, களரி வேறு. முகாமில் பத்து நாளில் ஒரு பாட்டு, ஒரு ஆட்டம் கற்றுக்கொள்ளலாம். ஊரே கூடி உட்கார்ந்து, அழுது, சிரித்து, விடியும்போது ஒன்றாக எழுந்து போவது முகாமில் கிடைக்காது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நோம்பிக்குப் போயிருந்தேன். துரியோதனன் வேஷக்காரர் ஆட்டத்துக்கு முன் அரிதாரத்தோடு நேரே என்னிடம் வந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. பேர் சொன்னதும் தெரிந்தது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், இன்னைக்கு நீங்க தூங்கக் கூடாதுங்க."

நான் தூங்கவில்லை. விடியும் வரை இருந்து, அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இந்த விடுமுறையில் பிள்ளையை எந்த வகுப்பில் வேண்டுமானாலும் சேருங்கள் கண்ணுகளா. பக்கத்து ஊர் நோம்பியில் கூத்து என்று கேள்விப்பட்டால், ஒரு ராத்திரி மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூட்டிப் போங்கள். நீங்களும் உட்காருங்கள். உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு இன்னொன்று: அடுத்த நாள் வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கினால், ராத்திரி எங்கே இருந்தாய் என்று முதலில் கேளுங்கள்.